மூன்றாம் மாடியில் உன் உருது

நேற்று ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வெதுப்பகத்தைக் கடந்தபோது சூடான பன்னின் ஏலக்காய் மணம் முகத்தில் அடித்தது. நோர்வேக்காரர் பன்னிலும் ஏலக்காய் போடுவார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் என் நினைவு போனது ரொம்சோஸில் எங்கள் அடுக்குமாடிக்கு, மூன்றாம் மாடியில் நீயும் நஸ்ரினும் குடித்த ஏலக்காய்த் தேநீருக்கு. வயிறு எரிந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருடமான பிறகும் அப்படித்தான் எரிகிறது.

எங்கள் வாசல் மணிப் பலகையில் அநேகமாக எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். பாகிஸ்தான், சோமாலியா, வியட்நாம், பிறகு நாங்கள். கீழ்த்தளத்தில் மட்டும் ஒரு நோர்வே மூதாட்டி. அவருக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதான். நாங்களோ படியில் கண்டால் தலையாட்டிவிட்டு அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம். நீ மட்டும் சாத்தவில்லை.

உன் எதிர்வீட்டு நஸ்ரின் லாகூரிலிருந்து வந்தவள். முதலில் இருவரும் நோர்வேஜிய மொழியில் தட்டுத்தடுமாறிக் கதைத்தீர்கள். இரண்டு குளிர்காலம் போவதற்குள் நீ உருது கதைக்கத் தொடங்கிவிட்டாய். ஒருநாள் அவள் ஏதோ சொல்ல, நீ படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாய். கடைப்பைகளோடு ஏறிவந்த நான் என்ன பகிடி என்று கேட்டேன்.

"அதைத் தமிழிலை சொன்னால் பகிடி இல்லையடி."

"இஞ்சை எங்கடை ஆக்கள் இவ்வளவு பேர் இருக்கினம். உனக்கு அவள்தான் கிடைச்சவளோ?"

"நீயும் இருக்கிறாய், அவளும் இருக்கிறாள். இதிலை என்னடி குறைஞ்சு போச்சு?"

என் பங்கு குறைந்து போனது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

உன் இறுதிச் சடங்கில் முன்வரிசையில் உன் மகளின் கையைப் பிடித்தபடி நஸ்ரின் இருந்தாள். அது உன் முதல் சிநேகிதியான என் இடம். வெளியே வந்ததும் நோர்வேஜிய மொழியில் சொன்னாள்: "அவளுடைய நோய் எனக்கு முதலிலிருந்தே தெரியும். மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன்." எனக்கு நீ சொன்னதோ கடைசி மாதத்தில்.

"ஏன் உனக்கு மட்டும் சொன்னாள்?"

"உனக்குச் சொன்னால் நீ அழுவாயாம். பிறகு தான்தான் உன்னைத் தேற்ற வேண்டுமாம்."

நீ சொல்லக்கூடியதுதான். அங்கேயே நின்று அழுதேன். அவள் என் தோளைத் தொட்டு, "அழாதை, இஞ்சை பார்" என்றாள், சுத்த யாழ்ப்பாணத் தமிழில். எங்கள் தமிழையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் அவள் வீட்டுக்குப் போகிறேன். உன்னைப் பற்றிக் கதைக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான் அறியாத உன்னை அவள் சொல்லச் சொல்லச் சுடுகிறது. ஆனாலும் இன்னும் சொல் என்கிறேன். நானும் சொல்கிறேன், ஒன்றைத் தவிர.

நீயும் நானும் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம். அகதி முகாமின் பின்வாசலில், மகளை வயிற்றில் சுமந்துகொண்டு, பனிக்குள் செருப்போடு நின்று நீ அழுதாய். "என்னாலை ஏலாதடி, நான் திரும்பிப் போகப்போறன்." என் கோட்டுக்குள் உன்னை இழுத்து மூடிக்கொண்டேன்.

உன் கண்ணில் ஒருநாளும் நீரைக் கண்டதில்லை என்று போன ஞாயிறு நஸ்ரின் சொன்னாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு அழுகை என்னிடம் மட்டும் இருக்கட்டும்.