நான் கேட்ட கயிறு

நவம்பர் 8, வெள்ளி

காலையிலிருந்து தூறல். கடலில் காற்று, இந்த வாரம் முழுக்கப் படகுகள் கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் இல்லை. ஜெகதாப்பட்டினமே வீட்டில் உட்கார்ந்து சண்டை போடுகிறது. என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் (சுருக்கமாக ஆ.), விசைப்படகு டிரைவர், பொழுது போகாமல் மிக்ஸியைப் பிரித்துவிட்டார். இனி அது ஓடாது.

வாங்க வேண்டியது: வெங்காயம், கேஸுக்குச் சொல்ல வேண்டும், தேங்காய் எண்ணெய் (கயிற்றுக்கும் சேர்த்து).

நாளைக்கும் டோக்கன் கிடையாது என்று சாயங்காலம் செய்தி. அப்படியானால் இன்று ராத்திரி அவர் என்னைக் கயிற்றால் கட்டலாம். மறுநாள் கடல் இருந்தால் கயிறு கிடையாது, அது எங்கள் வீட்டுச் சட்டம். கட்டியவர் மறுநாள் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களைப் போன்ற சிலர் மாதம் ஒருமுறை புதுக்கோட்டையில் ஓர் ஓட்டலில் கூடுகிறோம். பார்ப்பவர்களுக்கு ஏதோ சீட்டுக் கூட்டம். ரவா தோசை தின்றபடி நாங்கள் பேசுவது இதைத்தான்: எல்லாவற்றையும் முன்பே பேசி வைப்பது, நடுவில் புதிதாக எதையும் கேட்காமல் இருப்பது, நிறுத்தச் சொல்லும் சொல். எங்கள் சொல் ‘டீசல்’. அந்த நேரத்தில் தற்செயலாக வாயில் வராத சொல்லாக இருக்க வேண்டும் என்றார்கள். இவருக்கு அதுதான் தோன்றியது.

பிறகு நடந்ததை எழுதிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. வேகவைத்து எண்ணெய் தடவிய பருத்திக் கயிறு. வலைக்கயிறு ஆகாது, தோலைக் கிழிக்கும். முதலில் மண்டைக்குள் வழக்கமான இரைச்சல். லேப் ரிப்போர்ட், கேஸ், வெங்காயம். மணிக்கட்டு, தோள் என்று சுற்று ஏற ஏற இரைச்சல் குறைந்தது. ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர் நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் அது ஓடியதே தெரியும், அப்படி. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்தில். நாக்கு கனம். காரணமில்லாமல் சிரிப்பு. பயம் என்று ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோனது. இதைத்தான் நாங்கள் மிதப்பு என்கிறோம்.

அவிழ்த்து, போர்வை சுற்றி, சர்க்கரை அள்ளிப் போட்ட டீ.

“எங்கிட்டு போயிருந்த?”

“தெரியல. நல்லா இருந்துச்சு.”

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அலகு குத்திக்கொண்டு ஆடினால் கும்பிடுகிறார்கள். நான் என் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மிதந்தால் மட்டும் அசிங்கமோ!

நவம்பர் 9, சனி

வெயில். அதுதான் வினை. விடியும் முன்பே திடீரென்று டோக்கன் கொடுத்துவிட்டார்கள். படகு முதலாளி போன் மேல் போன். ஆ. போகமாட்டேன் என்றார். “நான் என்ன சின்னப்புள்ளையா? போயிட்டு வாங்க” என்று நானே தள்ளிவிட்டேன். தப்பு. சட்டம் பேசியவளே மீறினேன்.

மணமேல்குடி கிளினிக், என் வேலையிடம். லேபில் கூட்டம். பத்து மணி வாக்கில் இறக்கம் வந்தது. மிதந்தால் மறுநாள் இறங்கத்தான் செய்யும், பக்கத்தில் ஆள் இருந்தால் தாங்கலாம். ஆ. இருப்பதோ நடுக்கடல். சிக்னல் கிடையாது. போன மாதம் இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போன படகுக்காரர்கள் இன்னும் வரவில்லை. ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது கண்ணீர் கையுறைமேல் சொட்டியது. “ஊசி எனக்குத்தானம்மா” என்றார் பாவம்.

நர்ஸ் ஜெயந்தி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கையுறையை உருவினாள். மணிக்கட்டில் கயிற்றுக் கோடு. வழக்கமாக ராத்திரியே மறைந்துவிடும், இம்முறை மறையவில்லை.

“அவரா செல்வி?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க.”

என் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாள். கோபப்பட முடியவில்லை. என் அக்காவுக்கு இப்படி ஒருத்தி வாய்க்கவில்லையே.

நவம்பர் 10, ஞாயிறு

படகு வந்துவிட்டது. அப்பாடா. ஆ. குளிக்கக்கூட இல்லை, மீன் வாடையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளினிக்கில் நடந்ததைச் சொன்னேன்.

“கயித்த எரிச்சுப்புடுவோமா?”

“அது என்ன செஞ்சுச்சு? உங்களக் கடலுக்கு அனுப்புனேன் பாருங்க, அதான் தப்பு.”

அண்ணன் போன். நாளை வருகிறான், அக்கா மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு. ஸ்டேஷனில் புகார் கொடுக்க வேண்டுமாம். நான் வாயை மூடிக்கொண்டு அழுதால் போதும், ஆ. உள்ளே போய்விடுவார். உண்மையைச் சொன்னால் நான் பைத்தியம். பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

நவம்பர் 11, திங்கள்

வந்தார்கள். காபி வேண்டாம் என்றான் அண்ணன்.

“அன்னைக்கே சொன்னேன், கடக்கரைப் பய வேணாம்னு. கெளம்பு ஸ்டேஷனுக்கு.”

“மாமா அடிச்சு அக்கா பல்லு ஒடஞ்சு வந்தப்ப ஸ்டேஷன் எங்கிட்டுண்ணே இருந்துச்சு? பொறுத்துப் போன்னு நீதானே பஸ் ஏத்திவிட்ட?”

“அது வேற.”

“வேறதான். அக்கா கேக்கல. நான் கேட்டேன். என்னையக் கட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்குப் பிடிச்சிருக்கு.”

அண்ணன் முகம் போன போக்கு! கருமம் என்றான், தலைமுழுகிவிட்டேன் என்றான். கை ஓங்கினான், ஆ. குறுக்கே வந்து நின்றார். “கார்ல இருக்கேன், வந்து தொல மல்லிகா” என்று வெளியே போனான்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

“வலிச்சுச்சா?”

“கொஞ்சம்.”

“நிறுத்துன்னா நிறுத்துவாரா?”

“சொல்லி முடிக்கிறதுக்குள்ள. ஒரு தடவ சும்மானாச்சும் சொல்லிப் பாத்தேன்க்கா, கத்தியால வெட்டிட்டாரு. நல்ல கயிறு.”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. வெளியே ஆரன் அடித்தது. மறுபடி அடித்தது. அக்கா கையை விடவில்லை. கார் போய்விட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

மேகம். அம்மியில் சட்னி, மிக்ஸியைப் பிரித்த ஆ. உபயம். விடிந்ததிலிருந்து மாமா அக்காவுக்குப் போன் அடிக்கிறார். அக்கா எடுக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா வரமாட்டா மாமா.”

“அத யாரு சொல்றது?”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“நாந்தாங்க.”