இன்னும் உதைக்கிறதாம்

அன்புள்ள வாலு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. உன் சுகத்தையும் உன் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையின் சுகத்தையும் நீயே எழுது, மாப்பிள்ளையை எழுத விடாதே. போனில் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வாய், அதனால்தான் கடிதம். என் வேலை உனக்குத் தெரியும், கர்ப்பத்தில் தடுப்பூசி போட்டவர்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் போனில் கூப்பிட்டு, தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவது. அதில் ஒரு பெண், நீயும் போட்டுக்கொண்டாயே, அதே கக்குவான் இருமல் ஊசி போட்டவள். எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுப்பாள், "நல்லா இருக்கேன்க்கா, உள்ள நல்லா உதைக்குது" என்று சிரிப்பாள். அடுத்த மாதமும் அதே சொல், அதே சிரிப்பு. அதற்கடுத்த தடவைதான் எனக்கு உறைத்தது, பிரசவத் தேதி எப்போதோ தாண்டிவிட்டது. தேதியை நான்தான் தப்பாக ஏற்றிவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டு, ஒரு நர்ஸையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போனேன்.

நல்ல வெயில் நேரம், ஆனால் எல்லா ஜன்னலிலும் திரை. அவள் புருஷன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் கர்ப்பிணிகள் போடும் தொளதொள சட்டையில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். வயிறு தட்டையாக இருந்தது வாலு. "வாங்கக்கா, கைய வச்சுப் பாருங்க, இப்பத்தான் முழிச்சிருக்கு" என்று என் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். ஏதோ தட்டியது. சத்தியமாகத் தட்டியது. அது என் நாடிதான் என்று திரும்பி வரும்போது நர்ஸ் சொன்னாள், அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது. நாங்கள் கிளம்பும்போது புருஷன் வாசல்வரை வந்து சொன்னார், குழந்தை வயிற்றிலேயே இறந்து வேறு ஆஸ்பத்திரியில் எடுத்தார்களாம், தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்ததாம், ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். அவளுக்கு இப்போது மனநல வைத்தியம் நடக்கிறது.

எங்கள் டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, பதிவான போன் பேச்சைப் போட்டுக் காட்டினார். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் எங்கள் முறை. நானோ ஒவ்வொரு தடவையும், "நல்லா இருக்கீங்கதானே, உதைக்குதுதானே" என்று பதிலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். "கெட்டதும் நம்ம காதுக்கு வந்தாத்தான் ஊசி நல்லதுன்னு தைரியமா சொல்ல முடியும்" என்றார். எனக்கு அப்போது உன் குரல்தான் காதில் கேட்டது. உன்னிடமும் நான் அப்படித்தானே கேட்கிறேன். கொஞ்ச நாளாக நீ வீடியோவில் முகம் காட்டுவதில்லை. போன வாரம் மாப்பிள்ளை போனை எடுத்தபோது, பின்னாலிருந்து நீ "உதைக்குதுன்னு சொல்லுங்க" என்றது எனக்குக் கேட்டது. பயமாக இருக்கிறது மகளே. ஒன்றுமில்லை என்றால் அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வயிறு குலுங்கச் சிரி.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், மறக்காமல் நீயே எடு. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன். நீ எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் போனை வைக்க மாட்டேன். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைக்கும் சேர்த்து ஆசி எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, உன் பதில் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா