முந்நூறு மரத்து முதலாளிக்கு ஒரு கண் லென்ஸ்

அனுப்புநர்:
கா. இருளாயி,
6ஆம் லயம், மேற்பிரிவு,
கித்துல்மலைத் தோட்டம்,
தெரணியகலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

பொருள்: கண் சத்திரசிகிச்சைக்கான உதவியை நான் எந்தத் திட்டத்தில் கேட்பது என்று தெரிவிக்குமாறு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறேன். இப்போது வலது கண்ணில் புரை. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இலவசம், லென்ஸை மட்டும் வாங்கி வரச் சொன்னார்கள். வசதியில்லாதவர்களுக்கு அதற்கும் உதவி உண்டு என்றார்கள். எங்கே என்றுதான் விளங்கவில்லை.

2. முதலில் தொழிலாளர் நிதியத்துக்குப் போனேன். முந்தின வருடம் தோட்டம் எங்களுக்குத் தலைக்கு முந்நூறு மரங்களைப் பிரித்துக் கொடுத்து, பாலில் பாதி தோட்டத்துக்கு, பாதி உங்களுக்கு என்றது. அன்றிலிருந்து செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. ஆகவே நான் தொழிலாளி இல்லையாம். அங்கிருந்த வெளிக்கள உத்தியோகத்தர் இந்திரகுமார், "அக்கா, நீங்க இப்ப முதலாளி. முதலாளிக்கு யாரு உதவி குடுப்பாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

3. அடுத்தது வறிய குடும்பங்களுக்கான உதவி. விபரம் எடுக்கும் ஐயா ஆயுத பூசையன்று வந்தார். அன்று நாங்கள் பால் வெட்டும் கத்திக்கும், அவரவர் வெட்டும் மரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்போம். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று சுண்டல் கொடுத்து, பொட்டு வைத்த மரங்களையும் பெருமையாகக் காட்டினேன். எனக்கு முந்நூறு மரம் சொந்தம் என்று பதிந்துகொண்டு போய்விட்டார்.

4. மரம் இருந்தால் விவசாயிகள் காப்புறுதியில் கேட்கலாமே என்று அங்கேயும் போனேன். காணி உறுதி கேட்டார்கள். காணி தோட்டத்தினுடையது. நான் படுக்கும் லயத்துக் காம்பிராவும் தோட்டத்தினுடையதே.

5. ஓரிடத்தில் மரம் இருப்பதால் இல்லை, இன்னோரிடத்தில் மரம் இல்லாததால் இல்லை. தலை சுற்றுகிறது ஐயா. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்பட்டுவிடும். கண் மங்கியதால் இப்போது தினமும் காயப்படுத்துகிறேன். இப்படியே போனால் மரங்களைத் திருப்பி எடுப்போம் என்கிறது தோட்டம். அப்போது மட்டும் அவை தோட்டத்து மரங்கள்.

நான் தொழிலாளியா, ஏழையா, விவசாயியா என்பதைத் தாங்களே முடிவு செய்து, ஏதாவது ஓரிடத்துக்கு என்னை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதை மரங்கள் கைவிட்டுப் போகுமுன் செய்து தாருங்கள். போன பிறகு என்னை ஏழை என்று எல்லோருமே ஒத்துக்கொள்வார்கள், லென்ஸும் கிடைக்கும். கண் தெரியும், வெட்ட மரம் இருக்காது.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
கா. இருளாயி
(கையொப்பம்)

இடம்: தெரணியகலை
திகதி: 18.11.2025