மஞ்சள் பைக்குள் கிடந்த ஊசி

மங்களூர்,
20 ஜூன் 2019

அன்பு வெரோனிக்காவுக்கு,

லீடியா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் பீட்டரும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று உன்னைப் போனில் கூப்பிட்டு மழையைப் பற்றியும் மீன் கிடைக்காததைப் பற்றியும் பேசிவிட்டு வைத்தேன் அல்லவா? சொல்ல வந்தது வேறு. வாய் வரவில்லை. எழுதினால் எனக்காவது புரிகிறதா பார்க்கிறேன்.

எங்கள் வார்டில் ஹுலிகெம்மா என்று ஒருத்தி துப்புரவு வேலை செய்கிறாள். கொப்பள் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். மழையே காணாத ஊரிலிருந்து வந்தவள். "உங்க ஊரு வானத்துக்கு ஒரு மூடி போடக் கூடாதா சிஸ்டர்?" என்று தினமும் கேட்பாள். செவ்வாய்க்கிழமை மதியம் அவள் மஞ்சள் குப்பைப் பையைக் கட்டித் தூக்கியபோது உள்ளேயிருந்து ஒரு ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. மஞ்சள் பைக்குள் பஞ்சும் கட்டுத்துணியும்தான் போக வேண்டும்; ஊசிக்கு வெள்ளைப் பெட்டி தனியாக இருக்கிறது. இது நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். அன்று காலை வார்டில் ஊசி போட்டவர்கள் மூன்று பேர். யார் கை தவறியது என்று தெரியவில்லை. எந்த நோயாளியின் ரத்தம் என்றும் தெரியவில்லை.

"யவ்வா, முள்ளு மாதிரி குத்திருச்சு சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டுதான் வந்தாள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அவசரப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். ஒரு மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் வேளை கொடுத்தாகிவிட்டது. இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். ரத்தத்தை ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வார்டுப் பொறுப்பு என்னுடையது என்பதால் விபத்துப் பதிவேட்டில் நான்தான் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தபோது நிர்வாக மேலாளர் சுகேஷ் ராவ் கூப்பிட்டார். கையுறை போட்டிருந்தாளா என்று கேட்டார். மெல்லிய கையுறை போட்டிருந்தாள் என்றேன். "அது நோயாளியத் தொடுற கிளவுஸ் சிஸ்டர். குப்பை தூக்க தடிமனான கிளவுஸ்னு விதியிலயே இருக்கு. அப்போ உரிய கையுறை அணியவில்லைன்னு எழுதுங்க. இதுல பொய் எங்க இருக்கு?" என்றார். யோசித்தேன். பொய் இல்லைதான். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மாடிப்படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது, தடிமனான கையுறை எங்கள் மாடிக்குக் கடைசியாக வந்து ஏழெட்டு மாதம் ஆகிறது.

அதைக் கேட்கத் திரும்பிப் போனேன். அவள் எங்கள் ஆளே இல்லை, ஏஜென்சி ஆள், கையுறை கொடுக்க வேண்டியது ஏஜென்சி என்றார். ஏஜென்சி மேற்பார்வையாளரைக் கேட்டேன். "குத்துனது உங்க ஊசி, உங்க பை, உங்க மாடி. எங்களக் கேட்டா எப்படி மேடம்?" என்றார். தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தால், முதலாளி கையெழுத்திட்ட விபத்து அறிக்கை வேண்டும் என்கிறார்கள். எந்த முதலாளி, வெரோனி? பத்து வருடமாக இங்கே இருக்கிறேன், ஒருத்திக்கு முதலாளி யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி நடந்தால் யார் பொறுப்பு? கேட்டு எழுது.

உங்கள் ஆஸ்பத்திரி வேலைக்கு நான் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பணிச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றாய். ராவ் அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
லீடியா

மங்களூர்,
9 ஜூலை 2019

அன்பு வெரோனி,

கடிதம் கிடைத்த அன்றே போனில் என்னைத் திட்டித் தீர்த்தாய். நியாயம்தான். ஆனால் உனக்கு அங்கே ஒரு பதில்தான் வருகிறது: கூரைக்குக் கீழே வேலை செய்கிற எல்லோரும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. இங்கேயும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று மேட்ரன் என்னிடம் மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லாத" என்றும் சொன்னார். சட்டம் ஒன்றைச் சொல்கிறது, அதைத் தெரிந்தவர் மெல்லச் சொல்கிறார், தெரியாதவர் உரக்கப் பேசுகிறார். எதை நம்புவது?

ஹுலிகெம்மாவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, தலைசுற்றல். ஒருநாள் கழிவறைப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டிலிருந்து கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுபோனேன். "இந்தத் தண்ணிச் சோத்தத் தின்னுட்டு நீங்கள்லாம் எப்படி நிக்கிறீங்க? ரெண்டு சோள ரொட்டி இருந்தா வாந்தியே பயந்துக்கும்" என்றாள். ஆனாலும் குடித்தாள்.

மறுநாள் முதல் அவளைக் காணோம். ரத்தப் பரிசோதனை முடிவு தெரியும்வரை வீட்டில் இரு என்று மேற்பார்வையாளர் அனுப்பிவிட்டாராம். ஆறு மாதமும் வீட்டிலா என்று கேட்டேன். "மத்தவங்க பயப்படுறாங்க மேடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஒற்றை அறை. புருஷன் கட்டட வேலைக்குப் போயிருந்தான். மாத்திரைப் பாட்டிலைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரி பார்த்துவிட்டு, அது கெட்ட நோய்க்கு உள்ள மாத்திரைதானே என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டாளாம். புருஷன் ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனால் இரண்டு வாரமாகத் தனித் தட்டில் சாப்பிடுகிறானாம். "குத்துனது ஊசி. ஊசியப் போட்டது யாரோ. வெளிய நிக்கிறது மட்டும் நான். இது என்ன சட்டம் சிஸ்டர்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டாயா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு அதைப் போட்டே ஆக வேண்டும் அல்லவா? எவரும் போடவில்லை என்றாள். திங்கட்கிழமை பட்டியலைப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே மூன்று தேதி, மூன்று கையெழுத்து, எல்லாம் அழகான ஆங்கில எழுத்தில். அவள் சம்பளத்துக்கே கைநாட்டு வைக்கிறவள்.

இனி எழுதப்போவதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஹுலிகெம்மாவுக்கு ஊசி குத்திய அன்று காலை பதினோராம் படுக்கைப் பாட்டிக்கு மூச்சு நின்றுபோனது. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் பக்கத்துப் படுக்கையில் ஊசி போட்டவள் நான். கையில் ஊசியோடு ஓடினேன். பாட்டி பிழைத்துக்கொண்டார். கை கழுவும்போது என் கையில் ஊசி இல்லை. வெள்ளைப் பெட்டியில் போட்டேனா? தட்டில் வைத்தேனா? வழியில் மஞ்சள் பை திறந்து கிடந்தது. அந்த ஒரு நிமிடத்தை எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாலும் என் கை எனக்குத் தெரியவில்லை. நானாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மற்ற இருவரும் தாங்கள் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஹுலிகெம்மாவின் தெருவில் அங்கன்வாடி ஆசிரியை ஒருவர் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் வாரம் அதிகாரி வருகிறாராம். "பதிவேடு சுத்தமா இருக்குல்ல? அது போதும். உங்க சான்றிதழும் ரெடி" என்றார் ராவ். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

இதைப் பீட்டருக்குக்கூடப் படித்துக் காட்டாதே.

லீடியா

மங்களூர்,
6 ஆகஸ்ட் 2019

அன்பு வெரோனி,

முதலில் நல்ல செய்தி. ஆறாவது வாரப் பரிசோதனையில் அவளுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் பாக்கி.

தொழிலாளர் அதிகாரி போன மாதம் பதினெட்டாம் தேதி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, நனைந்த குடையோடு வார்டுக்கே வந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்பே, காலை ஏழு மணிக்கு, நான் பதிவேட்டைத் திறந்தேன். எழுதியதை அடிக்கவில்லை. அதன் கீழே அன்றைய தேதியிட்டு எழுதினேன்: நவம்பரிலிருந்து தடிமனான கையுறை வழங்கப்படவில்லை, தடுப்பூசிப் பட்டியலில் உள்ள கையெழுத்து அவளுடையது அல்ல, விபத்து நாளன்று நான் பயன்படுத்திய ஒரு ஊசியை எங்கே போட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசி வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். அது துணிச்சலா பைத்தியக்காரத்தனமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "இத எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "முதல்ல இருக்கிறத எழுதச் சொன்னது?" என்றார். அதற்கு நான் அருகில் நின்ற ராவைப் பார்த்தேன். ராவ் ஜன்னலைப் பார்த்தார். அவள் ஏஜென்சி ஆள் என்று ராவ் மறுபடி ஆரம்பித்தார். "ஏஜென்சி ஆளுன்னா தோல் தடிமனா இருக்குமா சார்?" என்று அந்த அம்மாள் கேட்டதும் அவர் நிறுத்திவிட்டார்.

ஹுலிகெம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், பரிசோதனைகள் அனைத்தும் ஆஸ்பத்திரி பொறுப்பு, எல்லாருக்கும் தடுப்பூசி என்று உத்தரவு வந்தது. கையுறைப் பெட்டிகள் மறுநாளே வந்து இறங்கின. ஏழெட்டு மாதமாக எங்கே இருந்தன என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பணிச் சான்றிதழ் இப்போது தர இயலாதாம். என் தவறு விசாரணையில் இருக்கிறதாம். இருக்கட்டும், தவறாக இருக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்ததுதானே.

இதில் எனக்குப் புரியாமலே இருப்பது ஹுலிகெம்மா. வேலைக்குத் திரும்பிய அன்று அவளிடம் நானே சொன்னேன். பதிவேட்டில் என்ன எழுதினேன் என்பதையும், அந்த ஊசி என்னுடையதாக இருக்கலாம் என்பதையும். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? வெட்கமாக இருக்கிறது, எதிர்பார்த்தேன்தான்.

துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்போ அது உங்க கையா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "தெரியலன்னு சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு மாசம் ஆச்சா? என் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சியா, மாத்திரை தின்னியான்னு கேட்டீங்களே, அப்போ வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்றாள். முதல் தடவையாக என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடவில்லை. அவள் பையைக் கட்டினாள். புதுக் கையுறை அவள் கைக்குப் பெரிதாக இருந்தது, முடிச்சுப் போட வரவில்லை. முடிச்சை நான் போட்டேன். தடுக்கவில்லை. பேசவும் இல்லை. இன்றுவரை அப்படித்தான், வேலை நேரத்தில் பக்கத்தில் நிற்கிறாள், தேவையானதைக் கேட்டால் கொடுக்கிறாள், வானத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அங்கே எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். சான்றிதழ் கிடைத்தாலும் ஆறாவது மாதம் முடியும்வரை நான் இங்கிருந்து நகர முடியாது. ஏன் என்று அம்மா கேட்கிறாள். காரணம் சொல்லத் தெரியவில்லை. ரத்தம் எடுக்கிற நாளில் அவளோடு அந்த நாற்காலி வரிசையில் ஒருத்தி உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவள் நகர்ந்து உட்கார்ந்தாலும் சரி.

உன் கோவிலில் நோயாளிகளுக்கான செபத்தில் பெயர் எழுதிக் கொடுக்கலாம் என்று முன்பு சொன்னாயே. ஹுலிகெம்மா என்று எழுதிக் கொடு. உங்கள் பாதிரியார் வாயில் அந்தப் பெயர் நுழையாது. நுழையும்வரை அவருக்குச் சொல்லிக் கொடு, வெரோனி. என் பெயர் வேண்டாம்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன்
லீடியா