முதல் இரண்டு சொற்கள் மங்கலாக இருக்கும்

மாப்பிள்ளை பஷீர், சத்தம் போட்டுப் பேசினால் பிடிக்காத உனக்கு மெல்லிய குரலில் ஒரு ஸலாம்.

நீ போன பிறகு அலமாரியின் மேல்தட்டிலேயே கிடந்த மைக் பையை உன் மனைவி, என் தங்கை சபீனா, கீழே இறக்கிவிட்டாள். இந்தச் சேதியை உன்னிடம் மட்டும் சொல்லியிருப்பேன். ஆனால் நாங்கள் எடுத்து வெளியிட்ட ஒரு பேட்டியின் நடுவில் வரும் பெண்குரல் பிறகு ஒட்டவைக்கப்பட்டது என்று ஒரு கம்பெனி சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லமாட்டேன். குரல் எப்படிப் பதிவானது என்று சொல்கிறேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

இங்கே ஒரு கட்டுமான இடத்தில் சுவர் சரிந்து, அதை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில் படுத்திருந்த இரண்டு தொழிலாளிகள் இறந்துபோனார்கள். சுவரில் விரிசல் விட்டிருந்ததைச் சூப்பர்வைசர் சொல்லவே இல்லை என்றது கம்பெனி. சூப்பர்வைசர் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முதலாளியிடமே போனில் சொன்னேன் என்றார் அவர். ஆனால் முகம் காட்டமாட்டேன், குரல் மட்டும், அதுவும் ஒரே தடவை, மாலை ரயிலேறுவதற்குள் என்றார். கைது வந்துவிடுமோ என்ற பயத்தில் மனைவியோடு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

முகம் இல்லாத பேட்டியில் குரல்தான் எல்லாம். அது தெளிவாக இல்லையென்றால் யார் நம்புவார்கள்? பேசிவைத்திருந்த ஒலிப்பதிவாளர் அன்று காலை காய்ச்சல் என்றார். காய்ச்சலா, பயமா என்று நான் கேட்கவில்லை. "நான் வரேன்" என்றாள் சபீனா. நீ ஒலிப்பதிவுக்குப் போன எத்தனையோ இடங்களுக்கு உன்னோடு வந்து, மைக் மாட்டும் அந்த நீளக் கம்பைப் பிடித்தவள்.

கோந்த்வாவில் அவர் குடியிருந்த மூன்றாவது மாடி வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வெறும் சுவர். சபீனா நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினாள். சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பியது.

"கிணறு மாதிரி இருக்கு" என்றாள்.

நான் உன் பையிலிருந்து அந்த நீளமான மைக்கை எடுத்தேன். பார்வைக்கு அதுதான் கெட்டிக்காரன் மாதிரி இருந்தது.

"அதை உள்ள வைங்கண்ணே. அது வெளி இடத்துக்கு. இந்த ரூம்ல அவரையும் கேக்கும், நாலு சுவத்தையும் கேக்கும்."

சரி, காலர் மைக் என்றேன். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும், வேறு எதுவும் கேட்காது. அவள் மறுக்காமல் மாட்டினாள். சூப்பர்வைசரின் கை சும்மா இருக்கவில்லை. பொத்தானைத் திருகினார், நெஞ்சைத் தடவினார். சபீனா ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, சட்டைதான் பேசுது. அவரு பேசல."

"உள்பக்கமா ஒளிச்சு ஒட்டிப் பாரேன்."

அவ்வளவுதான், மனிதர் எழுந்துவிட்டார். "என்ன சார், கையும் களவுமா பிடிக்க வந்த மாதிரி ஒயரெல்லாம் கட்டுறீங்க? கழட்டுங்க. இல்லன்னா நான் பேசல."

நேரம் போய்க்கொண்டிருந்தது. சபீனா நிதானமாக அதைக் கழற்றிவிட்டு, விரல் நீளமே இருக்கும் அந்தக் குட்டை மைக்கைக் கம்பு நுனியில் பொருத்தினாள். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாவிடம் இரண்டு கோதடி வாங்கி வந்து, ஒன்றைத் தரையில் விரித்தாள், ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டாள். பழைய புடவைகளைத் தைத்த அந்தக் கனத்த போர்வைகள் எதிரொலியைக் குடித்துவிட்டன. ஜன்னலைச் சாத்தினாள். விசிறியை நிறுத்தினாள். உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள் வைத்து மூடினாள்.

உன் சாவிதான், மாப்பிள்ளை. விமான் நகரில் வேலைக்கு நடுவில் நீ சரிந்து விழுந்த அன்று நாங்கள் தேடித் தேடிக் கிடைக்காத சாவி. மறுநாள் அந்த வீட்டுக்காரம்மா போன் செய்தார். பால் ஏன் திரிந்தது என்று பார்த்தால் ஃபிரிட்ஜுக்குள் ஒரு சாவி இருக்கிறது என்றார். சாவி உள்ளே இருந்தால் ஃபிரிட்ஜைத் திரும்பப் போடாமல் யாரும் கிளம்ப முடியாது என்பது உன் ஏற்பாடு. நீ சாவி இல்லாமலேயே கிளம்பிவிட்டாய்.

பேட்டி தொடங்கியது. அவர் கைகளை மட்டும் கேமரா பார்த்தது. தலைக்கு மேலிருந்து மைக் அவர் நெஞ்சை நோக்கிச் சாய்ந்திருந்தது. நன்றாகவே பேசிக்கொண்டு வந்தார். விரிசலை எப்போது பார்த்தார், எவ்வளவு அகலம், எல்லாம்.

"போனில் முதலாளி என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டேன்.

அவர் கை மறுபடி பொத்தானைத் திருகியது. அவர் தம்பியும் அதே முதலாளியிடம் வேலை செய்கிறான், முதலாளி வீட்டிலேயே தங்கியிருக்கிறான்.

"ஞாபகம் இல்ல சார்."

மறுபடி கேட்டேன்.

"விடுங்க சார். நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லல, யாரும் ஒண்ணும் சொல்லல. போதும்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். செத்தவர்களுக்கும் நியாயமில்லை, பழியும் இவர் தலையில். அப்போது சமையலறை வாசலிலிருந்து, அதுவரை ஒரு வார்த்தை பேசாத அவர் மனைவி வாய் திறந்தார்.

"ஸ்பீக்கர்லதான போட்டிய? நான் அடுப்புகிட்டதான நின்னேன். ஆளுங்கள அங்கருந்து மாத்துங்கன்னு கெஞ்சுனிய. 'பிளாஸ்டர் மார் தோ, பஸ்'னாரு அவரு. பூசி மூடிருன்னு. என் காதால கேட்டேன்."

"ஏய், சும்மா இரு."

"இத்தன நாள் சும்மாத்தான இருந்தேன்? ரெண்டு பேரு செத்தாச்சு. ஞாபகம் இல்லன்னு நீங்க ஜெயிலுக்குப் போவிய, ஞாபகத்தோட நான் இங்க இருக்கணுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தபோது கம்பு ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. சபீனாவை யாரும் திருப்பச் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் நெஞ்சில் ஒரு காலர் மைக்கை மட்டும் வைத்திருந்தால், அந்த அம்மாவின் குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோலத்தான் இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. சூப்பர்வைசரின் முகத்தில் ரத்தமே இல்லை. மணி மறுபடி அடித்தது. நான் போய்க் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன்.

"அஹோ, ஜாலா கா? மாஜி கோதடி!" என்றார் எதிர்வீட்டம்மா, முடிந்ததா, என் கோதடி எங்கே என்று.

"தோன் மினிட், காகூ" என்று இரண்டு நிமிடம் கேட்டாள் சபீனா, கம்பை இறக்காமலேயே. முதலில் சிரித்தது சூப்பர்வைசரின் மனைவிதான். அப்புறம் அழுததும் அந்த அம்மாதான்.

அந்தக் குரலை வெளியிட அவரிடம் அனுமதி கேட்டேன். "ஊர் போய்ச் சேந்து சொல்றேன்" என்றார். எல்லாவற்றையும் கட்டியான பிறகு சபீனா திரும்பிப் போய் ஃபிரிட்ஜைப் போட்டாள். சில்லென்றிருந்த சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அழைப்பு வரும்வரை நாங்கள் அந்தப் பதிவைத் தொடவில்லை. "கொழுந்தனையும் ஊருக்கு வரச் சொல்லிட்டோம். போடுங்க. பேரு வேண்டாம்" என்றார் அந்த அம்மா. பிறகு போனைக் கணவர் வாங்கினார். "அவ சொன்னது நெசந்தான் சார். அதையும் போட்டுக்கிடுங்க."

எடிட்டிங்கில் ஒரு சிக்கல். 'ஸ்பீக்கர்லதான போட்டிய' என்ற முதல் இரண்டு சொற்களும் மங்கலாக இருந்தன. மைக் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைத் தூக்கிச் சுத்தம் செய்துவிடலாம் என்றார் எடிட்டர். நானும் தலையாட்டினேன். சபீனா விடவில்லை. "திரும்புறது கேக்கட்டும்ணே."

இப்போது ஒட்டவைத்த குரல் என்கிறார்கள். ஒட்டவைப்பவன் முதல் சொல்லிலிருந்தே தெளிவாக அல்லவா ஒட்டுவான்? அந்த மங்கல்தான் இன்று எங்கள் கையில் இருக்கும் சாட்சி. விசாரணை அதிகாரி மூலப்பதிவைக் கேட்டிருக்கிறார். நாளை சபீனாவே போய்க் கொடுத்து, எப்படிப் பதிவுசெய்தாள் என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டு நாளாக அவளுக்கு எண் தெரியாத அழைப்புகள் வருகின்றன. எடுத்தால் பேசுவதில்லை. "மூச்சு மட்டுந்தான் கேக்குது. பெரிய ரூம், ஏசி ஓடுது, மேசை கண்ணாடி. ஏதோ ஆபீஸ்ணே" என்றாள் சபீனா, காய்கறி நறுக்கிக்கொண்டே. நான்தான் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். அவளை இதில் இழுத்தது சரியா, பஷீர்? நீ இருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா, இல்லை பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிருப்பாயா?

நாளைக் காலை அவள் உன் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்புவாள். பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் திரும்பி வீடு வரும்வரை அவளைவிட்டு நகரமாட்டேன். அந்த இரண்டு சொற்களையும் யாரும் சுத்தம் செய்ய விடமாட்டேன்.

உன் சபீனாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
யூசுப்