கொலுப் பெட்டியில் இருந்த சவரக் கத்தி

செப். 17, திங்கள்

மழை விட்டுவிட்டது. புழுக்கம் விடவில்லை.

வேலை: கொலுப் பெட்டி இறக்க. படித்துணி துவைக்க. கொ.கடலை வாங்க.

நாலு வருஷமாகக் கொலு இல்லை. இந்தத் தடவை மாலு பிடிவாதம். "மோதி பாக் காலனில எல்லாரும் வெக்கறா. நம்மாத்துல மட்டும் க்யோன் நஹீ?" வடக்கே வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ் இவ்வளவுதான், 'ஏன் இல்லை' என்பதற்கும் ஹிந்திதான்.

செட்டியார் பொம்மைக்கு அடியில், துணி சுற்றி, மாலு அப்பாவுடைய சவரக் கத்தி. நான் ஒளித்ததுதான். நாலு வருஷம் முன்னால், யாரோ எழுதிப்போட்ட பொய்ப் புகாரில் அவர் ஆபீஸில் சஸ்பென்ஷனில் இருந்த சமயம். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. ஒருநாள் காலை கண்ணாடி முன்னால் கத்தியும் கையுமாக அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவர் குளிக்கப் போனதும் எடுத்துவிட்டேன். தேடினார். "நான் பாக்கலையே" என்றேன். அப்புறம் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து மார்க்கெட் வேப்பமரத்தடிக் கிழவரிடம்தான் சவரம்.

வேலை திரும்பக் கிடைத்து மூன்று வருஷம். திருப்பித் தர எனக்குத்தான் முகமில்லை. பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்று கொலுவையும் நிறுத்தினேன்.

கத்தி முழுக்கத் துரு.

செப். 18, செவ்வாய்

மண்ணெண்ணெயில் ஊறவைத்ததில் பாதித் துரு போயிற்று. மீதிக்குப் புளி தடவி வைத்துவிட்டுப் பால் க்யூவுக்குப் போனேன். பித்தளைக் குடம் என்று நினைப்பு. வந்து பார்த்தால் கன்னங்கரேல். அசடு! யோசிக்காமல் கை வைப்பதே வழக்கமாகிவிட்டது.

உப்புத்தாள் வாங்கித் தேய்த்தேன். கொஞ்சம் வெளுத்தது. விரலில் வெட்டு. மாலுவிடம் அரிவாள்மணை என்று சொன்னேன். இன்னொரு பொய்.

செப். 19, புதன்

சைக்கிளில் சாணைக்காரன். கத்தியைப் பார்த்ததுமே கையை விரித்தான். சக்கரத்தில் வைத்தால் வீணாகிவிடுமாம், கல்லில்தான் தீட்டவேண்டுமாம். கல் இருப்பது வேப்பமரத்தடியில்.

தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன். சவரக்காரக் கிழவர் கொம்புப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சா, மதராசி பாபுஜியோடதா?" ஹிந்தியில்தான். "வீட்டுல நல்ல கத்தி இருக்கு, சம்சாரம் பத்திரமா வெச்சிருக்கான்னு சொல்வாரே!"

எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"வந்த முதல் நாளே."

தெரிந்திருக்கிறது. நாலு வருஷமும். வழியெல்லாம் அழுதேன். கடலை வாங்க மறந்துபோயிற்று.

செப். 21, வெள்ளி

அமாவாசை. ஐந்து படி. ராமருக்கு வில் உடைந்திருக்கிறது. மாலு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

கத்தியை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில் உள்ள பலகையில் வைத்தேன், பக்கத்தில் சோப்பும் பிரஷ்ஷும். தர்ப்பணம் முடித்து வந்தார். "நான்தான் எடுத்து வெச்சேன். பயந்துட்டேன். உங்களை நம்பாம போயிட்டேன்" என்றேன்.

கத்தியைப் பிரித்துப் பார்த்தார். "புளி போட்டுத் தேச்சியா?" சிரித்தார். எத்தனை நாளாயிற்று!

"இன்னிக்கு அமாவாசை, வெள்ளிக்கிழமை வேற, சவரம் கூடாது. நவராத்திரி முடியட்டும், பண்ணிக்கறேன்" என்று பலகையில் வைத்தார்.

அதுகூட எனக்குத் தோன்றவில்லை. சரி என்றேன். என் கை தன்பாட்டில் போய்க் கத்தியை எடுத்துவிட்டது. பழையபடி உள்ளே வைக்க.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ராஜி, அங்கேயே இருக்கட்டுமே."