மயிர் வெட்டி, பச்சை குத்தி

ஒக்டோபர் 12, ஞாயிறு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சீன மொழி படிக்கும் மகள் ஆரணி இன்று அஜக்ஸ் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பு வரை இருந்த தலைமயிர் காதோடு போய்விட்டது. முன்கையில் பச்சை வேறு குத்தியிருந்தாள். அடுத்த கிழமை தம்பியின் மகளுக்குக் கலியாணம்.

"உதென்ன கோலமடி, காட்டுச் சனம் மாதிரி!" என்று கத்தினேன்.

அவள் சிரித்தாள். "அப்பா, சைனீஸில இதுக்கு நாலெழுத்துச் சொல்லொண்டு இருக்கு. மயிர் வெட்டி, உடம்பில பச்சை குத்தினது எண்டு அர்த்தம். அந்தக் காலத்துச் சீனாவில வடக்கு ஆக்கள் தெற்கில இருந்த பழைய சனத்தை அப்பிடித்தான் பழிச்சவை. ஆனா வடக்கில இருந்து போன இளவரசன் ஒருத்தன், அந்தச் சனத்தோட வாழ வேணுமெண்டு தானும் அப்பிடியே செய்தவன். நீங்களும் ஊரை விட்டு இஞ்ச வந்து வேலைக்காக மீசையை வழிச்சனீங்கள்தானே?"

"இந்தக் கோலத்தில கலியாணத்துக்கு வரத் தேவையில்லை" என்றேன்.

சாப்பிடாமலே ரயிலெடுத்துப் போய்விட்டாள். ஐந்து தடவை போன் அடித்தேன், எடுக்கிறாள் இல்லை. கையில் என்ன குத்தியிருக்கிறாள் என்று நான் பார்க்கவேயில்லை. மனைவிக்குத் தெரியுமாம். கேட்டால், "நீங்களே அவளிட்டக் கேளுங்கோ" என்கிறாள்.